இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஒரு டொம்

தலையில் கட்டோடு வந்த டிரைவரிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நாமக்கல் பைபாஸில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவில், எனக்கு ஒரு ஹாரன் கடை. டியூன் ஹாரன் மாட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆகவே மாட்டிவிட்டு, மாட்டவில்லை என்பேன். இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு. "மாவட்டத்துல பாதிப் பேரு செவுடானதுக்கு எங்கூட்டுக்காரருதானுங்க காரணம்" என்று என் மனைவி விசேஷங்களில் என்னை அறிமுகப்படுத்துவாள். படித்தது இன்ஜினியரிங். முடித்தேனா என்பதில் பல்கலைக்கழகத்துக்கும் எனக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு.

டிரைவர் கெங்கவல்லிக்காரர். நெற்றியில் ஏழு தையல். இடது கண் நாவல் பழம் போல வீங்கி மூடிக் கிடந்தது. கீழுதடு கிழிந்திருந்ததால் ஒவ்வொரு சொல்லுக்கும் முகத்தைச் சுளித்தார்.

"இந்தப் பாட்டு ஹாரன்ல வரணும்ணே" என்று போனை நீட்டினார்.

மாரியம்மன் திருவிழா வீடியோ. உறுமி மேளம். முதல் இரண்டு வினாடியிலேயே மெட்டு எனக்குத் தெரிந்துவிட்டது.

"இப்ப ஒரு எடம் வரும், பாருங்க" என்றார்.

வந்தது. மேளம் மொத்தமும் ஒரே அடியாக 'டொம்' என்று விழுந்தது. உறுமிக்காரர் வளைந்த குச்சியைத் தோலில் இழுத்து ஒரு முனகலை எழுப்பினார். பிறகு நாலு எண்ணிக்கைக்குச் சத்தமே இல்லை. அந்த இடைவெளியில் கூட்டத்தில் இருந்த இளவட்டங்கள் பக்கத்தில் நின்றவனைக் கையில் கிடைத்ததைக் கொண்டு அடித்தார்கள். மேளம் மறுபடி எழுந்தபோது நாலைந்து பேர் தரையில் கிடந்தார்கள். மீதிப் பேர் ஆடினார்கள்.

"இதுலதான் தலை உடைஞ்சுதுங்களா?"

"ஆமாண்ணே. டொம் வந்தா பக்கத்துல இருக்கறவன அடிக்கணும். அதான் பாட்டு."

"அப்படின்னு யாருங்க சொன்னது?"

"யாரு சொல்லணும்? கேட்டாலே தெரியுதில்ல, அங்க எவனோ அடி வாங்கறான்னு."

"உங்கள அடிச்சது?"

"என் மச்சான். தேங்கா உடைக்கற கல்லால. நல்ல மனுசன். ஆஸ்பத்திரிக்கும் அவந்தான் தூக்கிட்டுப் போனான்."

டிரைவருக்கு நல்ல காது. ஊரில் ஒருவரும் கண்டுபிடிக்காததை ஏழு தையலோடு கண்டுபிடித்துவிட்டார். அந்த இடத்தில் நிஜமாகவே ஒருவன் அடி வாங்கினான். அடித்தவன் நான்.

முப்பது வருடத்துக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் சேலத்தில் ஒரு ராக் குழு வைத்திருந்தோம். கிதார் வாசித்தவன் சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன், கத்தோலிக்கக் குடும்பம், மாதா கோவில் பாட்டுக்குழுவில் வளர்ந்தவன். டிரம்ஸ் அடித்தவன் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்த ஒரு பாய் வீட்டுப் பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டுதான் அடிப்பான். பாடகன் நான். ஆட்டையாம்பட்டியில் விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே வளர்ந்ததால், என் தொண்டை பெரியது என்பதைத் திறமை பெரியது என்று நம்பியிருந்தேன்.

எங்களுக்குச் சொந்தமாக ஒரே ஒரு பாட்டு. போர்வெல் லாரியைப் பற்றியது. "துளை போடு, துளை போடு, தண்ணி வர்ற மட்டும் துளை போடு" என்று போகும். வார்த்தை என்னுடையது, இசை கிதார்க்காரனுடையது. பாட்டு அவ்வளவு நன்றாக வந்ததற்கு அவன்தான் காரணம் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

கல்லூரிப் போட்டிக்கு ஐந்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், பூசை முடிந்து காலியாகிவிட்ட சர்ச் பங்கு மண்டபத்தில் ஒத்திகை. ஜன்னல் மேல் டேப்ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ செட் கடையிலிருந்து மைக், ஸ்பீக்கர், அந்தக் காலத்து மைக் ஸ்டாண்டு. அதன் அடியில் வட்டமாக வார்ப்பிரும்புத் தட்டு இருக்கும். நாலு கிலோ தேறும்.

"நீ பாடல மாப்ள. சந்தைல மாடு வெரட்டற" என்றான் கிதார்க்காரன்.

"ஜனங்களுக்கு அதான் புடிக்குது."

"எந்த ஜனம்? உங்க ஊட்டுத் தறியா? ரெண்டாவது சரணம் நான் பாடறேன். நீ முதல் சரணத்தோட ஒதுங்கிக்க."

நான் பதில் சொல்லவில்லை. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணம் முடிந்தது. அவன் கிதாரோடு இரண்டு எட்டு வைத்து என் மைக்குக்கு முன்னால் வந்து வாயைத் திறந்தான். நான் ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்து, கிதாரின் கழுத்தில் இருந்த அவன் இடது கையின் மேல் இறக்கினேன்.

கோபத்தில் கை தானாக ஓங்கியது என்றெல்லாம் சொல்வார்கள். என் கை தானாக ஒன்றும் செய்யவில்லை. மைக்கைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டேன், ஸ்டாண்டைத் திருப்பினேன், தட்டு மேலே வந்த பிறகு பார்த்து அடித்தேன். தறிக்கு ஆணி அறைகிறவன் அப்படித்தான் அறைவான்.

முதலில் இரும்பு மரத்தில் மோதும் சத்தம். அதற்குள்ளேயே பச்சைச் சுள்ளி ஒடிகிற மாதிரி இன்னொரு மெல்லிய சத்தம். ஒரு கம்பி அறுந்து 'ங்ஈ' என்றது. அவன் கத்தவில்லை, மாடு முனகுவது போல ஒரு முனகல். முட்டி போட்டு விழுந்து, கையை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டான்.

டிரம்ஸ்காரன் கண்ணை மூடியிருந்தான். கிதார் நின்றதும், இவர்கள் புதிதாக ஒரு நிறுத்தம் வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டான். நாலு எண்ணிவிட்டுச் சரியாக உள்ளே வந்தான்.

நான் பாடினேன்.

இதை முப்பது வருடம் யாரிடமும் சொன்னதில்லை. அடித்ததைக் கூட என்றாவது சொல்லியிருப்பேன். அவன் காலடியில் சுருண்டு கிடக்க, அவன் விரலிலிருந்து சிமென்ட் தரையில் ரத்தம் சொட்ட, நான் "எண்ணூறடி போயும் புழுதிதான் வருது" என்று இரண்டாவது சரணத்தை முழுசாகப் பாடி முடித்தேன். ஏனென்றால் அது என்னுடைய சரணம். நன்றாகவும் பாடினேன். அதுதான் கேவலம்.

டிவிஎஸ் ஐம்பதில் அவனை நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் முதுகில் அவன் நெற்றி இடித்துக்கொண்டே வந்தது. வழியில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "ஸ்பீக்கர் விழுந்துச்சு. மூணு பேரும் அதையே சொல்லணும்."

அவன் அப்பா ரயில்வேக்காரர். பெல்ட்டைக் கழற்றினால் பேச்சை நிறுத்திவிடுவார். உண்மை தெரிந்தால் என்னை ஆட்டையாம்பட்டி வரைக்கும் அடித்துக்கொண்டே கொண்டுவந்து விட்டிருப்பார். நான் "சரி" என்றேன். மறுவாரம் அவர் ரேடியோ செட் கடைக்குப் போய், ஆடுகிற ஸ்பீக்கரை வாடகைக்கு விட்டதற்காகக் கடைக்காரரை வாயிலேயே அடித்தார். இரண்டு பல் போயிற்று. கடைக்காரருக்கு எதற்கு அடி வாங்கினோம் என்று சாகும் வரை புரிந்திருக்காது.

கிதார்க்காரனுக்கு நடுவிரலும் மோதிர விரலும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. கிதார் போயிற்று. ரயில்வே வேலை மருத்துவப் பரிசோதனையோடு போயிற்று. ஜங்ஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்தான். நாங்கள் சண்டைக்காரர்கள் ஆகவில்லை, அதுதான் வேடிக்கை. கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டிலிருந்து கேக் வரும். பொங்கலுக்கு நான் ஆட்டையாம்பட்டிக் கை முறுக்கு கொடுத்தனுப்புவேன். அவன் அக்கா மட்டும் ஒவ்வொரு வருடமும், "ஏம்பா, அந்தப் பாழாப்போன ஸ்பீக்கர் மட்டும் விழாம இருந்திருந்தா" என்று ஆரம்பிப்பார். மூன்று மாதம் அவனுக்குச் சோறு ஊட்டியவர் அவர். நான் கேக்கை வாயில் அடைத்துக்கொள்வேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததை டிரம்ஸ்காரன் கெடுத்தான். கொலுசுக் கடையை இடம் மாற்றும்போது அந்த ஒத்திகையின் பழைய கேசட் கிடைத்திருக்கிறது. அதைப் போனில் ஏற்றி, கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அங்கிருந்து யாரோ ஒருவனின் மைத்துனர் நடத்தும் பேண்டு செட்டுக்குப் போயிற்று.

நம் பேண்டு செட்டுக்காரர்கள் தாளைப் பார்த்து வாசிப்பவர்கள் அல்ல. காதில் விழுந்ததை விழுந்தபடி வாசிப்பார்கள். கேசட்டில் யாராவது தும்மியிருந்தால் தும்மலுக்கும் ஒரு வாத்தியம் ஒதுக்குவார்கள். அவர்களுக்கு என் அடியும் பாட்டில் ஒரு பகுதிதான். பெரிய டிரம்முக்கு 'டொம்', கிளாரினெட்டுக்கு அறுந்த கம்பி, டிரம்பெட்டுக்கு முனகல், பிறகு நாலு எண்ணிக்கை. முதலில் ஒரு சாவு ஊர்வலத்தில் வாசித்தார்கள். அது போனில் பரவியது. உறுமி மேளம் எடுத்துக்கொண்டது. ஒரு சர்ச்சின் இளைஞர் பாட்டுக்குழு வார்த்தையை மாற்றி, ஆர்கனோடு மெதுவாகப் பாடியது. அங்கேயும் அந்த இடத்தில் ஒருவர் கனமான ஒரு புத்தகத்தைப் படாரென்று மூடினார். பாட்டை யார் எந்தச் சட்டை போட்டுப் பாடினாலும் விரல் ஒடிவதை மட்டும் யாரும் விடவில்லை.

கெங்கவல்லி டிரைவருக்கு ஹாரனில் டொம் வராது என்று சொல்லிப் பார்த்தேன். "காத்தையாவது புஸ்ஸுனு விடுங்கண்ணே" என்றார். அந்த இடத்தில் ஒரு புஸ் வைத்து மாட்டிக் கொடுத்தேன். கைராசிக்காரன் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து கிதார்க்காரனின் மகள் கடைக்கு வந்தாள். கல்யாணப் பத்திரிகை.

"அங்கிள், ரிசப்ஷன்ல அந்த பேண்டு செட்டுதான். நீங்க பாடணும்."

"என்னத்தச் சாமி பாடறது? இப்பெல்லாம் பாடுனா ஊட்டு நாயே எந்திரிச்சுப் போகுது."

"அப்பாவோட பாட்டு அங்கிள். அவர் இதப்பத்தி வாயே தொறக்க மாட்டேங்கறார். ஊரே பாடுது, அவர் ஜெராக்ஸ் எடுத்துட்டு இருக்கார். நீங்க பாடினா அவரும் மேல வருவார்." பிறகு கேட்டாள்: "அந்த டொம் யாரு ஐடியா?"

ஹாரன் ஒன்றை எடுத்துத் துடைத்தேன். துடைத்த ஹாரனையே மறுபடி துடைத்தேன்.

"உங்கப்பாவும் நானும் சேந்து பண்ணுனதுதாஞ் சாமி."

பொய் சொல்வதில் முப்பது வருட அனுபவம் இருந்தால் அது உண்மை மாதிரியே வரும். அவள் சந்தோஷமாகப் போனாள். அவளிடம் சொல்லவும் முடியாது, சொல்லாமல் அந்த மேடையில் ஏறவும் முடியாது.

ஏறினேன். ஜங்ஷன் பக்கத்து மண்டபம், மாலை ஏழு மணி. கேக் வெட்டி முடித்திருந்தார்கள். கிதார்க்காரன் கோட்டு போட்டு மகள் பக்கத்தில் நின்றான். இடது கையைக் கோட்டுப் பையில் வைத்திருந்தான். முதல் சரணத்தை எப்படியோ ஒப்பேற்றினேன். மாப்பிள்ளையின் நண்பர்கள் முன்வரிசை நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஆடினார்கள். டொம் விழப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவன் ஸ்டீல் தண்ணீர் ஜாடியை ஏற்கெனவே தூக்கி வைத்திருந்தான்.

விழுந்தது. ஜாடி ஒருவன் மூக்கில் இறங்கியது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் கொட்டியது. அவன் திருப்பி ஒரு குத்து விட்டான், வேறு யாருக்கோ பட்டது. நாற்காலி பறந்தது. மேடையில் மணப்பெண்ணுக்கும் விளையாட வேண்டுமாம். அப்பாவின் கையைப் பையிலிருந்து இழுத்து, பூச்செண்டால் விரல்மேல் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

அவன் சட்டென்று குனிந்து, இடது கையை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டான். அதே மாதிரி. புதுசாக ஒரு ஸ்டெப் போடுகிறார் என்று எல்லாரும் விசிலடித்தார்கள். மகளும் அதே மாதிரி குனிந்து ஆடினாள்.

நாலு எண்ணிக்கை முடிந்து டிரம் உள்ளே வந்தது. இரண்டாவது சரணம், என்னுடைய சரணம். எனக்கு வாயில் வந்தது வேறு.

"ஸ்பீக்கர் உழுவலைங்க. நாந்தான் அடிச்சேன். மைக் ஸ்டாண்டுல. அவன் விரல ஒடச்சது நாந்தானுங்க."

பேண்டு செட்டுக்காரர்கள் இதையும் பாட்டு என்றே நினைத்தார்கள். அவர்களுடைய டிரம்காரர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தட்டு கொடுத்தார். மறுபடி சொன்னேன். டிரம்பெட்டும் சேர்ந்துகொண்டது. என் வாழ்நாளில் தாளம் தப்பாமல் நான் வந்தது அந்த ஒரு தடவைதான்.

முதலில் புரிந்துகொண்டது அவன் அக்கா. அறுபது தாண்டியவர், பட்டுப்புடவை, கையில் யாரோ கொடுத்த பரிசுப் பெட்டி. பெட்டியைப் பக்கத்தில் இருந்தவரிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு மேடை ஏறி வந்தார்.

"நீயா?" என்றார்.

"ஆமாங்க்கா."

"வருஷா வருஷம் கேக் தின்னியே."

என் காதோடு சேர்த்து அறைந்தார். வளையல் உடைந்து கன்னத்தைக் கிழித்தது. இரண்டாவது அறைக்குள் அவருடைய சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருவன் என் தலைமுடியைப் பிடித்தான். இருக்கும் முடி குறைவு என்பதால் பிடி வழுக்கியது, அந்தக் கோபத்தையும் சேர்த்து வாயில் குத்தினான். பின்னால் சாய்ந்து பெரிய டிரம்முக்குள்ளேயே விழுந்தேன். டிரம்மின் தோல் கிழிந்து இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இருந்த விலாவில் உதைத்தார்கள். எழுந்திருக்க முடியாததால் விழவும் முடியவில்லை. அடிக்கிறவர்களுக்கு அது வசதி. நாக்கில் ஏதோ சிறு கல் தட்டுப்பட்டது. என் பல். அதற்குத் துணையாக இன்னொன்று.

"போதும்க்கா. விடுங்கடா. மாப்ள ஊட்டாரு பாக்கறாங்க" என்று கிதார்க்காரனின் குரல் கேட்டது. அவன் அவசரப்பட்டு வந்ததாகச் சொல்ல முடியாது. நிதானமாகத்தான் வந்தான்.

மணமகள் அறைக்குப் பக்கத்தில், சாமான் போட்டு வைக்கும் ரூமில் என்னை உட்காரவைத்தான். ஜூஸ் கவுண்டரிலிருந்து கைக்குட்டையில் ஐஸ் கட்டி வந்து, மடங்காத அந்த இரண்டு விரலால் என் கன்னத்தில் அழுத்திப் பிடித்தான்.

"இதுக்கு என் பொண்ணு கல்யாணந்தான் கெடச்சுதா உனக்கு?"

"தப்புதாண்டா."

"எது தப்பு?"

"அடிச்சது."

அவன் ஐஸை இன்னும் கொஞ்சம் அழுத்தினான். வெளியே யாரோ நாற்காலிகளை நிமிர்த்தும் சத்தம் கேட்டது.

"அடிச்சதுக்கு அன்னிக்கே வண்டியில உக்காந்து மன்னிச்சிட்டேன். இல்லன்னா ஸ்பீக்கர்னு ஏன் சொல்றேன்? நானும் உன் மைக்க புடுங்கத்தான் வந்தேன். ஆனா நீ பாடினியேடா. நான் கீழ கெடக்கறேன், நீ எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பாடற. முப்பது வருஷமா அதத்தான் கேட்டுட்டு இருந்தேன். இப்ப ஊரே அதப் பாடுது. கடைக்கு வர்றவன் ரிங்டோன்லகூட அதான் வருது."

ஐஸ் உருகி என் சட்டைக் காலருக்குள் இறங்கியது.

"அந்தச் சரணத்த குடு" என்றான்.

"எது?"

"ரெண்டாவது சரணம். நான் பாடணும். நீ உக்காந்து கேக்கணும்."

மகள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவள் அத்தை இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்பவில்லை. நான் அனுப்பிய முறுக்கு அப்படியே திரும்பி வந்தது. இரண்டு பல் இல்லாமல் எனக்கும் அது பயன்படாது என்பதால் பட்டறைக்காரர்களுக்குக் கொடுத்தேன். கெங்கவல்லிப் பக்கம் இப்போது பேண்டு செட்டுகள் "நாந்தான் அடிச்சேன்" என்பதையும் சேர்த்து வாசிக்கிறார்களாம். "யாரு அடிச்சது?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் மொத்தமும் கத்துகிறதாம். மேளத்தில் இப்போது இரண்டு டொம்.

ஆனால் அவன் கேட்டதைக் கொடுத்தோம். போன மாதம் ஒரு ஞாயிறு மதியம், அதே பங்கு மண்டபம். தரைக்கு டைல்ஸ் போட்டிருந்தார்கள். டிரம்ஸ்காரன் கொலுசுக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து, போனை ஜன்னல் மேல் வைத்தான். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டே அடிக்கிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தான். கிதாருக்குப் பதில் பாட்டுக்குழு கீபோர்டு. கிதார்க்காரன் வலது கையால் மட்டும் வாசித்தான். நான் முதல் சரணத்தைப் பாடினேன். பல் போன இடத்தில் காற்று போனது.

டொம் வர வேண்டிய இடத்தில் யாரும் எதையும் அடிக்கவில்லை. அவன் மைக்குக்கு நகர்ந்தான். நான் விலகிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவன் பாடினான்.

முப்பது வருடம் நான் பயந்த மாதிரி அது என்னைவிட நன்றாக இருக்கவில்லை. கேவலமாக இருந்தது. சுருதி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். 'எண்ணூறடி' என்பதை ஜெபமாலை சொல்கிற மாதிரி இழுத்தான். 'புழுதி'யில் குரல் உடைந்தது. டிரம்ஸ்காரன் என்னைப் பார்த்தான். நான் பார்க்கவில்லை. முழுச் சரணத்தையும், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு வார்த்தை விடாமல் பாடினான். முடிந்ததும், "இன்னொரு தடவ" என்றான்.

மூன்று தடவை பாடினான். மைக் ஸ்டாண்டு எனக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இந்தக் காலத்து ஸ்டாண்டு, கனமே இல்லை. இருந்தாலும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.